சிங்கப்பூர் பயணத்தில் சிக்கனம்

சிங்கப்பூர் பயணத்தில் சிக்கனம் என்பது, விலைவாசி மிகுந்த அந்நாட்டுக்குக் குறைந்த செலவில் சென்று, உடல்நலமும் சட்டமும் கெடாமல் பார்த்துத் திரும்பும் வழிமுறைகளைக் குறிக்கும். பொருளியல் நிபுணர் நுண்ணறிவுப் பிரிவு எனும் ஆய்வு நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டுப் பட்டியலில், உலகிலேயே வாழ்க்கைச் செலவு மிகுந்த நகரமாகச் சூரிச்சுடன் சேர்ந்து சிங்கப்பூர் முதலிடம் பெற்றது. அதே சிங்கப்பூர்தான் கோவைப் பகுதி மக்கள் அதிகம் சென்றுவரும் வெளிநாடுகளில் ஒன்று. கோவை விமான நிலையத்திலிருந்து நேரடி விமானம் உண்டு. பயண நேரம் நான்கு மணிக்குச் சற்றுக் கூடுதல். துடியலூர், கவுண்டம்பாளையம், சரவணம்பட்டி ஆகிய இடங்களில் மகனோ மகளோ அங்கு வேலை செய்யும் குடும்பங்கள் பல. அவர்களைப் பார்க்கச் செல்லும் பெற்றோரையும், சொந்தச் சேமிப்பில் முதன்முறை வெளிநாடு செல்வோரையும் மனத்தில் கொண்டு இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது.

சிங்கப்பூர்த் தமிழர் டாலரை 'வெள்ளி' என்றும், சென்ட்டைக் 'காசு' என்றும் சொல்வர். இக்கட்டுரையிலும் அவ்வாறே குறிப்பிடப்படுகிறது. கணக்கு எளிதாக இருக்க ஒரு வெள்ளி 65 ரூபாய் என்று கொள்ளப்பட்டுள்ளது. விலைகள் தோராயமானவை. புறப்படும்போது அன்றைய மாற்று விகிதத்தைப் பார்த்துக்கொள்க.

விலை கூடுதலாக இருப்பது ஏன்?

சிங்கப்பூரின் பரப்பு ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர். இது கோவை மாவட்டத்தின் பரப்பில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. நிலம் குறைவு என்பதால் வாடகையும் விடுதிக் கட்டணமும் அதிகம். உணவுப் பொருள்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இறக்குமதியாகின்றன. சாலை நெரிசலைத் தடுக்க, கார் வாங்குவோர் முதலில் உரிமைச் சான்றிதழ் ஒன்றை ஏலத்தில் எடுக்க வேண்டும் என்ற முறை 1990இல் தொடங்கியது. அதனால் கார் வைத்திருப்பதே அங்கு பெருஞ்செலவு.

ஆனால் அந்நாட்டின் சாதாரண மக்களும் அங்கேதான் உண்டு, உறங்கி, வேலைக்குப் போய் வருகின்றனர். அவர்களுக்காக அரசு மூன்று செலவுகளைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. குடியிருப்போரில் பெரும்பான்மையோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். பேருந்தும் ரயிலும் அரசு மானியத்தில் ஓடுகின்றன. மலிவான உணவுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட உணவங்காடி நிலையங்கள் உள்ளன.

ஆகவே சிங்கப்பூரில் இரண்டு விலைப்பட்டியல்கள் இருப்பதாகக் கொள்ளலாம். ஒன்று உள்ளூர் மக்கள் அன்றாடம் கொடுக்கும் விலை. மற்றொன்று சுற்றுலாப் பயணி கொடுக்கும் விலை. சிக்கனம் என்பது பட்டினி கிடப்பதன்று. இரண்டாவது பட்டியலிலிருந்து முதல் பட்டியலுக்கு மாறிக்கொள்வதே ஆகும்.

புறப்படும் முன்

விமானச் சீட்டு: மலிவுக் கட்டண விமானங்களில் பெட்டி, இருக்கைத் தேர்வு, உணவு ஆகியவற்றுக்குத் தனித்தனியே கட்டணம் உண்டு. பெட்டியின் எடையை முன்பதிவின்போதே வாங்குவது மலிவு. விமான நிலையத்தில் போய்க் கட்டினால் கூடுதலாகும். ஆகவே வீட்டிலேயே எடை பார்த்துவிட வேண்டும். திருச்சியிலிருந்து சீட்டு மலிவாகக் கிடைத்தாலும், ஏறத்தாழ 220 கிலோமீட்டர் கார் வாடகையைக் கூட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

விசாவும் வருகை அட்டையும்: இந்தியர்களுக்கு விசா தேவை. அரசுக் கட்டணம் 30 வெள்ளி. அங்கீகாரம் பெற்ற முகவர்கள் தம் கூலியைச் சேர்த்து வாங்குவர். இரண்டு மூன்று முகவர்களிடம் விசாரித்தால் வேறுபாடு தெரியும். சிங்கப்பூர் வருகை அட்டை என்பது வேறு. அதை வந்திறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் குடிநுழைவு ஆணையத்தின் இணையதளத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணமே இல்லை. இதற்குப் பணம் கேட்கும் தளங்கள் ஆணையத்துக்குத் தொடர்பற்றவை.

அட்டையும் பணமும்: இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பொதுவாக முடக்கப்பட்டே வரும். வங்கிச் செயலியிலோ கிளையிலோ அதைத் திறந்துகொள்ள வேண்டும். ஓய்வூதியர் பலரிடம் ரூபே அட்டை மட்டும் இருக்கும். அது வெளிநாட்டில் செல்லுமா என்று வங்கியில் கேட்டுக்கொள்ள வேண்டும். பல அட்டைகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 2 முதல் 3.5 விழுக்காடு வரை கூடுதல் கட்டணம் உண்டு. விமான நிலையத்தில் ரூபாயை மாற்றுவதைத் தவிர்த்து, கோவையில் அங்கீகாரம் பெற்ற நாணய மாற்று நிலையங்களிலோ, சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பகுதியிலோ விகிதம் ஒப்பிட்டு மாற்றலாம். கடையில் அட்டை தேய்க்கும்போது, தொகையை ரூபாயில் கழிப்பதா வெள்ளியில் கழிப்பதா என்று கருவி கேட்டால் வெள்ளி என்றே சொல்ல வேண்டும். ரூபாய் என்றால் கடைக்காரரின் வங்கி தன் விருப்பப்படி விகிதம் போடும்.

பெட்டியில் வைக்க வேண்டியவை: சிங்கப்பூர் மின்செருகிகள் மூன்று தட்டையான முனை கொண்டவை. அதற்கான இணைப்பியை நம்மூரிலேயே வாங்கிக்கொள்ளலாம். குடை, தண்ணீர்ப் பாட்டில், அன்றாட மாத்திரைகள் ஆகியவையும் கையோடு இருக்க வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்கு மூன்று மாத அளவு வரை மருந்து கொண்டுபோகலாம். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்ற சிலவற்றுக்கு முன் அனுமதி தேவைப்படும். மருத்துவரின் சீட்டு உடன் இருப்பது நல்லது.

கொண்டுபோகக் கூடாதவை: பிள்ளைகளுக்காகப் பொடியும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு போவது நம் வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் இந்தியாவிலிருந்து கோழி, ஆட்டிறைச்சி ஊறுகாய்களைக் கொண்டுபோக முடியாது. குருமாவுக்கு அரைக்கும் கசகசா போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் தடை செய்யப்பட்டது. மெல்லும் புகையிலை, மின்சிகரெட், சூயிங்கம் ஆகியவையும் தடையுள்ளவை. சிகரெட்டுக்கு வரிவிலக்கு இல்லை. ஒரு பொட்டலத்தால் வரும் தண்டனைக்கு முன் எந்த மிச்சமும் நில்லாது.

தங்குமிடம்

செலவில் பெரும்பகுதி தங்குமிடத்துக்கே போகும். பிள்ளைகள் வீட்டில் தங்குவோருக்கு இக்கவலை இல்லை. பிள்ளை வாடகை அறையில் இருந்தால் வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

விடுதி எடுப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் தனியார் குடியிருப்புகளை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டப்படி குற்றம். அரசு அடுக்குமாடி வீடுகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடவே கூடாது. இணையத்தில் 'மலிவான வீடு' என்று வரும் விளம்பரங்களை நம்பி முன்பணம் கட்டினால் இழக்க நேரிடலாம். உரிமம் பெற்ற விடுதிகளில், லிட்டில் இந்தியா, லாவெண்டர் பகுதிகளில் ஒப்பீட்டளவில் மலிவான அறைகள் கிடைக்கும். ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தொலைவில் விடுதி இருந்தால், சற்றுக் கூடுதல் வாடகை கொடுத்தாலும் டாக்சிச் செலவில் திரும்பிவிடும். கார் பந்தயம் நடைபெறும் வாரத்திலும், பள்ளி விடுமுறைக் காலங்களிலும் அறை வாடகை பெரிதும் ஏறும்.

போக்குவரத்து

சாங்கி விமான நிலையத்திலிருந்து நகருக்குப் பெருவிரைவு ரயிலில் இரண்டு வெள்ளி அளவில் வந்துவிடலாம். டாக்சியில் விமான நிலையக் கூடுதல் கட்டணமும் சேரும். நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை மீட்டர் தொகையில் பாதி மேலும் சேரும். எனினும் முதியவர் இருவர் இரண்டு பெரிய பெட்டிகளோடு இரவில் இறங்கினால் டாக்சியே சரி. அது வீண்செலவன்று.

ரயிலிலும் பேருந்திலும் தொலைவைப் பொறுத்துக் கட்டணம். பெரும்பாலான பயணங்கள் 1 முதல் 3 வெள்ளிக்குள் அடங்கும். ரயிலிலிருந்து இறங்கி 45 நிமிடத்துக்குள் பேருந்து ஏறினால் இரண்டும் ஒரே பயணமாகக் கணக்கிடப்படும். கவனிக்க வேண்டியவை:

1. ஒருவருக்கு ஓர் அட்டை. கணவனும் மனைவியும் ஒரே அட்டையைத் தொட்டுச் செல்ல முடியாது.

2. பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டையைத் தொட வேண்டும். இறங்கும்போது மறந்தால் அந்த வழித்தடத்தின் எஞ்சிய தொலைவுக்கும் சேர்த்துக் கட்டணம் கழியும்.

3. பேருந்தில் ரொக்கம் கொடுத்தால் கட்டணம் கூடுதல். மீதிச் சில்லறையும் தர மாட்டார்கள்.

4. தொடுவசதி உள்ள இந்திய விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை நேரடியாகப் பயன்படுத்தலாம். ஆனால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு நிர்வாகக் கட்டணம் உண்டு. உள்ளூர் ஈசி-லிங்க் அட்டைக்கு 5 வெள்ளி போகும், அது திரும்பாது. எட்டு நாளைக்கு 4 வெள்ளி 80 காசு. ஆகவே எட்டு நாள் வரை வங்கி அட்டை, அதற்கு மேல் உள்ளூர் அட்டை என்பது கணக்கு. வங்கியின் வெளிநாட்டுக் கட்டணத்தையும் சேர்த்தால் இன்னும் முன்பே உள்ளூர் அட்டை இலாபமாகிவிடும்.

மூத்த குடிமக்களுக்கான பயணச் சலுகை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியது.

உணவும் தண்ணீரும்

தெருவோரம் விற்றுவந்த உணவு வணிகர்களை ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவர 1970களில் தொடங்கி அரசு கட்டியவையே உணவங்காடி நிலையங்கள். இப்பண்பாட்டை யுனெஸ்கோ 2020இல் மனிதகுலத்தின் அருவ மரபாக அறிவித்தது. இங்கு ஒரு வேளை உணவு 4 முதல் 6 வெள்ளியில் முடியும். லிட்டில் இந்தியா நிலையத்துக்கு அருகிலுள்ள தேக்கா நிலையத்தில் தோசையும் சோறும் கிடைக்கும். சைவ உணவுக்குச் சிராங்கூன் சாலைப் பக்கம் பழைய உணவகங்கள் உள்ளன. 1924இல் தொடங்கிய ஆனந்த பவனும் 1947இல் தொடங்கிய கோமள விலாசும் இன்றும் நடக்கின்றன.

குளிரூட்டப்பட்ட உணவகங்களில் விலைக்கு அருகே இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும் என்று பொருள். வரி 2024 சனவரி முதல் 9 விழுக்காடாக உள்ளது. 40 வெள்ளிக்குச் சாப்பிட்டால் சேவைக் கட்டணம் 4 சேர்ந்து 44. அதற்கு வரி 3.96, ஆக மொத்தம் 47.96 வெள்ளி. சில உணவகங்களில் நாம் கேட்காமலே மேசையில் வைக்கும் ஈரத்துவாலைக்கும் வேர்க்கடலைக்கும் கட்டணம் உண்டு. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடலாம்.

குழாய்த் தண்ணீர் அப்படியே குடிக்கத் தக்கது. விமான நிலையத்திலும் பூங்காக்களிலும் நிரப்பிக்கொள்ளும் குழாய்கள் உள்ளன. சுற்றுலா இடங்களில் பாட்டில் தண்ணீர் 2 வெள்ளிக்கு மேல்.

சாப்பிட்ட தட்டை உரிய இடத்தில் திருப்பி வைப்பது கட்டாயம். முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை அபராதம். ரயிலுக்குள் உண்பதும் தண்ணீர் குடிப்பதும் குற்றம். 500 வெள்ளி வரை அபராதம் உண்டு. மாத்திரை போட வேண்டியிருந்தால் ரயில் ஏறுமுன் போட்டுக்கொள்க.

கட்டணமில்லாமல் பார்க்கத் தக்கவை

தாவரவியல் பூங்கா 1859இல் தோன்றியது. 2015இல் உலகப் பாரம்பரியக் களமானது. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் சீட்டு தேவை. மற்றப் பகுதி முழுதும் இலவசம். கரையோரப் பூந்தோட்டத்தில் கண்ணாடிக் கூடாரங்களுக்கே கட்டணம். வெளித்தோட்டத்தையும், பெருமரக் கோபுரங்களில் இரவு நடக்கும் ஒளி ஒலிக் காட்சியையும் பணமின்றிப் பார்க்கலாம். சாங்கியின் ஜுவல் வளாகத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் உள்ளரங்க அருவியும் அவ்வாறே. சென்டோசாத் தீவுக்கு நடைபாதை வழியாகக் கட்டணமின்றி நடந்து செல்லலாம்.

1827இல் தோன்றிய சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில், சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயில், டேங்க் சாலை தெண்டாயுதபாணி கோயில் ஆகியவை தமிழர் வரலாற்றையும் சொல்பவை. தைப்பூசக் காவடிகள் பெருமாள் கோயிலிலிருந்து தெண்டாயுதபாணி கோயிலுக்குச் செல்லும். தீபாவளியையொட்டிச் சிராங்கூன் சாலை முழுதும் விளக்கலங்காரம் இருக்கும். விக்டோரியா தெருவில் உள்ள தேசிய நூலகத்தில் தமிழ்நூல்களை இருந்து படிக்கலாம். மகன் வேலைக்குப் போன பின் பகலைக் கழிக்க நல்ல இடம்.

பொருள் வாங்குதல்

ஒரே கடையில் ஒரே நாளில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கினால், பயணி நாடு திரும்பும்போது விமான நிலையத்தில் வரியைத் திரும்பப் பெறலாம். வாங்கும்போதே கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். உணவுக்கும் விடுதிக்கும் இது பொருந்தாது. 100 வெள்ளியில் வரி 8 வெள்ளி 26 காசு. அதிலும் கையாளுங்கட்டணம் கழியும். எட்டு வெள்ளிக்காக வேண்டாத பொருளை நூறு வெள்ளிக்கு வாங்குவது சிக்கனம் ஆகாது.

தங்க நகைக்கான இந்தியச் சுங்கச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புவோருக்கே உரியது. பத்து நாள் போய்வருவோருக்கு அது கிடையாது. நம்மூரிலிருந்து அணிந்து செல்லும் நகைகளையும் குறைத்துக்கொள்வது நல்லது.

சிக்கனம் கூடாத இடங்கள்

பயணக் காப்பீடு: வெளிநாட்டினர் சிங்கப்பூர் மருத்துவமனைகளில் மானியமின்றி முழுக் கட்டணம் செலுத்த வேண்டும். சில நாள் சேர்க்கையே இலட்சக்கணக்கான ரூபாய் ஆகிவிடும். அறுபது வயதைக் கடந்தோர் காப்பீடின்றிப் புறப்படக் கூடாது. சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்தால் தவணை குறையும். ஆனால் தேவைப்படும் நேரத்தில் கோரிக்கை மறுக்கப்படலாம். பழைய நோய்களுக்கு எந்த அளவு ஈடு உண்டு என்பதை வாங்குமுன் படித்துப் பார்க்க வேண்டும். அவசர மருத்துவ ஊர்தி எண் 995.

தண்ணீர், உணவு, ஓய்வு: ஒவ்வொரு விலையையும் 65ஆல் பெருக்கிப் பார்ப்பது முதல் முறை செல்வோரின் இயல்பு. ஒரு தேநீர் நூறு ரூபாயா என்று மலைத்து, குடிக்காமல் வெயிலில் நடப்பர். இக்கட்டுரையாளரும் முதல் நாள் அவ்வாறு நடந்து, மாலையில் தலைசுற்றி உட்கார்ந்தவரே. பெருக்கிப் பார்க்க வேண்டியது விமானச் சீட்டு, விடுதி, நகை போன்ற பெரிய செலவுகளைத்தான். அன்றாட உணவுக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு வெள்ளி என்று முதலிலேயே ஒதுக்கிவிட்டு, அதற்குள் பெருக்காமல் செலவிடுவதே நலம்.

பிள்ளைகளின் செலவு: 'மகன் கொடுக்கிறான், நமக்கு மிச்சம்' என்பதும் சரியான கணக்கன்று. அந்த வாடகையையும் அந்த விலைகளையும் மாதந்தோறும் தாங்குபவர் அவரே. வருமுன் இருதரப்பும் யார் எதற்குச் செலவிடுவது என்று பேசிக்கொள்வது மனவருத்தத்தைத் தவிர்க்கும்.

ஒரு நாள் கணக்கு

இருவருக்கான ஒரு நாள் செலவை இரு பட்டியல்களிலும் எடுத்துக்காட்டாகப் பார்க்கலாம். தங்குமிடமும் நுழைவுச்சீட்டும் சேர்க்கப்படவில்லை.

சுற்றுலாப் பயணி விலை: டாக்சி இரு முறை 30, காலை உணவு 20, உணவகத்தில் இரு வேளை 95.92, தண்ணீர் நான்கு பாட்டில் 8. மொத்தம் 153.92 வெள்ளி, ஏறத்தாழ 10,000 ரூபாய்.

உள்ளூர் விலை: ரயிலும் பேருந்தும் ஒருவருக்கு நான்கு பயணம், பயணம் ஒன்றுக்கு 1.60 வீதம் 12.80, காலை உணவு 8, மதியம் 12, இரவு 12, தேநீர் நான்கு 6.40, தண்ணீர் குழாயில். மொத்தம் 51.20 வெள்ளி, ஏறத்தாழ 3,330 ரூபாய்.

வேறுபாடு 102.72 வெள்ளி. இரண்டாம் பட்டியலில் ஒரு வேளை உணவும் குறையவில்லை. இவ்வாறு ஒவ்வொரு நாளும் மிஞ்சும் தொகையைக் கொண்டு, கட்டணம் அதிகம் என்று தள்ளிவைத்த விலங்குத் தோட்டத்தையோ கண்ணாடிக் கூடாரங்களையோ ஒரு நாள் நிறைவாகப் பார்த்துவிட்டு வரலாம்.